கேமராவை டேப்லெட்டோட இணைக்கிற 'செட்' வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க. எனக்கு 18,500 போச்சு

இன்னைக்கு மதியம் கடை முதலாளி கையை விரிச்சுட்டார். அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். 18,500. நிகழ்ச்சி நிகழ்ச்சியா அலைஞ்சு, நின்ன கால்ல நின்னு எடுத்த காசு. கடைப் பேரைப் போடலை. புகார் எழுதிக் கொடுத்திருக்கேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். கேமரா, லைட், ட்ரைபாட் எல்லாம் விக்கிற, ஆன்லைன்லயும் ஆர்டர் எடுக்கிற ஒரு கடை. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். இந்த மாதிரி செட் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

ஒரு கம்பெனியோட ஆண்டு விழா. வர்றவங்களை வாசல்ல நிறுத்திப் படம் எடுக்கணும். எடுத்த படம் உடனே பக்கத்துல இருக்கிற டேப்லெட்ல பெருசா வரணும். பிடிச்சதை அவங்களே தொட்டுக் காட்டினா பிரிண்ட் போட்டுக் கையில கொடுக்கணும். லேப்டாப்பை வச்சு எத்தனையோ தடவை செஞ்ச வேலைதான். இந்தத் தடவை இடம் இல்லை, டேப்லெட்தான் வைக்கணும்னு சொல்லிட்டாங்க.

கேமராவோட சொந்த வைஃபையில அனுப்பலாம். ஆனா கூட்டத்துல வைஃபையை நம்பக்கூடாதுங்கிறது இந்தத் தொழில்ல அடிபட்டவங்க எல்லாருக்கும் தெரியும். நிறைய கேமராவுல, என்னுதுலயும்தான், இருக்கிறது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும். ஹால்ல இருக்கிற நிறைய போனும் ப்ளூடூத்தும் அதே அலைவரிசையிலதான் முட்டி மோதிக்கிட்டு இருக்கும். அதனால கேபிள்தான்னு தீர்மானமா முடிவு பண்ணிட்டுத்தான் கடைக்கே போனேன். 'வைஃபை வேண்டாம், கேபிள்ல படம் வரணும்.' கடைக்குள்ள நுழைஞ்சதும் நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

கவுன்ட்டர்ல இருந்த தம்பி பணிவாப் பேசினார். 'அண்ணே, இந்த செட்டுக்கு எந்தக் கேமராவும் ஓகே, எந்த டேப்லெட்டும் ஓகே'ன்னு எடுத்து வச்சார். 5 மீட்டர் ஆரஞ்சு கலர் கேபிள், டேப்லெட் பக்கம் மாட்ட ஒரு அடாப்டர், ஸ்டாண்டுல பிடிக்கிற கிளாம்ப், ஒரு ஆப், ஒரு வருஷம் சப்போர்ட். அட்டையில நொடிக்கு 5 கிகாபிட் வேகம்னு பெருசா அச்சடிச்சிருந்தது.

நேர்ல காட்டுங்கன்னேன். என் கேமராவையும் என் டேப்லெட்டையுமே வாங்கினார். 'செட்டிங்ஸ் போட்டுத் தர்றேண்ணே'ன்னு அந்தப் பக்கம் திரும்பி நின்னு அஞ்சு நிமிஷம் என்னவோ பண்ணினார். அப்புறம் என் கண்ணு முன்னாடி கேபிளைச் செருகினார். கேமராவுல சார்ஜ் விளக்கு எரிஞ்சது. சுவத்தைப் பார்த்து ஒரு ஷாட். ரெண்டு நொடியில படம் டேப்லெட்ல வந்து நின்னுது. இன்னொரு ஷாட். அதுவும் வந்துது.

டேப்லெட்ல இன்டர்நெட் போயிருந்தது. அதைக் கவனிச்சுக் கேட்கவும் செஞ்சேன். 'வேகம் குறையாம இருக்க ஆப்பே நெட்டை கட் பண்ணிடும்ணே.' முகத்துக்கு நேரா, ஒரு தயக்கமும் இல்லாமச் சொன்னார். என் கேமரா, என் டேப்லெட், செருகின கேபிள், வந்து நின்ன படம். இதுக்கு மேல என்ன சந்தேகப்படறது? அங்கேயே 18,500 எடுத்துக் கொடுத்தேன்.

விழா அன்னைக்கு முதல் அரை மணி நேரம் நல்லாத்தான் போச்சு. ஹால் நிறைய நிறைய படம் வர்றது மெதுவாச்சு. அஞ்சு நொடி, இருபது நொடி, அப்புறம் வட்டம் மட்டும் சுத்துது. ஒரு பெரியவர் கண்ணாடியை நெத்தியில ஏத்தி விட்டுக்கிட்டு, டேப்லெட்டுக்கு முன்னாடி குனிஞ்சபடி தன் குடும்பப் படத்துக்காக நின்னுக்கிட்டே இருந்தார். அவருக்குப் பின்னாடி வரிசை நீளுது. என் உதவியாளர் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுறான். ஒரு தடவை அவன் கால் தட்டிக் கேபிள் கேமராவுல இருந்து கழண்டு தரையில விழுந்துது.

கேபிள் தரையில கிடக்கு. அந்த நேரத்துல டேப்லெட்ல படம் வருது.

எனக்கு உடம்பே சில்லுன்னு ஆயிடுச்சு. கேமரா ஸ்கிரீனைப் பார்த்தா மூலையில வைஃபை குறி. அந்தத் தம்பி திரும்பி நின்ன அஞ்சு நிமிஷத்துல கேமராவோட வைஃபையை ஆன் பண்ணி, டேப்லெட்டை அதோட சேர்த்து விட்டிருக்கார். டேப்லெட் கேமராவோட வைஃபைக்குப் போனதாலதான் இன்டர்நெட் கட் ஆச்சு. கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏத்தியிருக்கு. அதுவும் என் டேப்லெட்டோட சார்ஜை உறிஞ்சி!

மீதி நேரத்தை கேமராவோட மெமரி கார்டை வச்சுத்தான் ஒப்பேத்தினேன். பத்துப் பேரை எடுக்கறது, கார்டைக் கழட்டி கார்டு ரீடர் வழியா டேப்லெட்ல போடறது, திரும்பவும் பத்துப் பேர். பாதிப் பேர் காத்திருக்காமப் போயிட்டாங்க. பேசின தொகையிலயும் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்து அந்த ஆரஞ்சுத் தோலைப் பிளேடால சீவினேன். உள்ளே சிவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. அவ்வளவுதான். அது ரெண்டும் கரன்ட்டுக்கு. சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிள்ல படம் போகவே பச்சை, வெள்ளைன்னு இன்னும் ரெண்டு கம்பி வேணும். 5 கிகாபிட்னு அச்சடிக்கணும்னா அதுக்கு மேலயும் ரெண்டு ஜோடி வேணும். இன்னொண்ணு, என் டேப்லெட்டோட டைப்-சி போர்ட்டே யுஎஸ்பி 2.0 தான், நொடிக்கு 480 மெகாபிட். அட்டையில போட்ட 5 கிகாபிட் வேகம் இதுல எப்படியும் வராது. ஆனா பத்து எம்பி படத்துக்கு இதுவே தாராளம். நிஜமான கேபிளா இருந்திருந்தா என் வேலை நடந்திருக்கும். டேப்லெட் என்ன மாடல்னு கூட அவங்க கேட்கலை. அந்த ஆப்பும் யார் வேணாலும் சும்மா இறக்கிக்கிற இலவச ஆப்தான்.

மறுநாள் போன் பண்ணினா 'கேமரா ஃபர்ம்வேரை, அதான் உள்ளே இருக்கிற சாஃப்ட்வேரை, அப்டேட் பண்ணிப் பாருங்க சார்.' பண்ணிட்டுக் கூப்பிட்டா 'உங்க டேப்லெட் சப்போர்ட் பண்ணாது சார்.' அதே டேப்லெட்லதானே காட்டினீங்கன்னதும் லைன் கட். நேர்ல போனேன், அந்தத் தம்பி லீவாம். அவர் வந்தாத்தான் பேச முடியுமாம். அதுக்கு அடுத்த நாள் 'அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா?'ன்னு கேட்டாங்க. அவங்க கவுன்ட்டர்ல, அவங்க கையால பிரிச்ச பெட்டி! இன்னைக்கு முதலாளி வந்தார். ரெண்டு கம்பியையும் தூக்கிக் காட்டினேன். 'கேபிளை நீங்களே வெட்டிட்டீங்களே, இனிமே எப்படித் திரும்ப எடுக்கறது? வேணும்னா கூடக் கொஞ்சம் போட்டு நல்ல கேபிளா எடுத்துக்கோங்க'ன்னார். நல்ல கேபிளாம். அப்போ 18,500க்கு எனக்குக் கொடுத்தது என்ன?

விவரமா எழுதறேன்னு சொன்னேன், கை நடுங்குது. முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன்.

கடையில சோதிக்கும்போது டேப்லெட்டை ஏரோபிளேன் மோடுல போட்டு வைஃபை, ப்ளூடூத் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. கேமராவுலயும் வைஃபையை நீங்களே ஆஃப் பண்ணுங்க. அதுக்கப்புறம் படம் வந்தாத்தான் அது கேபிள்ல வர்ற படம். கேபிளைப் பிடுங்கினா வர்றது நிக்கணும். கேமராவை யார் கையிலயும் கொடுத்துட்டு நிக்காதீங்க. சார்ஜ் விளக்கு எரியறதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. ஆப் உங்க கேமரா மாடலைக் கேபிள்ல ஏத்துக்குமா, வைஃபையில மட்டுமான்னு ஆப் காரங்களோட பட்டியல்லயே பார்த்துக்கோங்க. விழாவுக்குப் போகும்போது கார்டு ரீடர் ஒண்ணு பையில இருக்கட்டும்.

என் பில்லுல 'ஆக்சஸரீஸ் – 18,500'னு ஒரே வரிதான் இருக்கு. 'டேட்டா கேபிள்'னு எழுதித் தரச் சொல்லுங்க, வேகத்தையும் போடச் சொல்லுங்க. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா என்னை மாதிரி கேபிளை வெட்டிடாதீங்க, அப்படியே பத்திரமா வையுங்க.