என்டிடி லெவல் 2: கையெழுத்து யாருடையது?

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள் காதில் அடிக்கடி விழும் பெயர் ‘என்டிடி லெவல் 2’. வெல்டிங்கையும் குழாயையும் உடைக்காமல் சோதிக்கும் வேலை; லெவல் 2 என்றால் சோதித்து, முடிவு சொல்லி, அறிக்கையில் கையெழுத்துப் போடும் தகுதி. பட்டம் காலாவதி ஆகாது. இந்தத் தகுதி ஆகும். அதனால் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், யார் கையெழுத்துப் போடுகிறார்கள், எத்தனை வருஷம் செல்லும் என்று கேளுங்கள்.

அதிகம் ஏமாறுவது எஸ்என்டி-டிசி-1ஏ வழியில்தான். இது அமெரிக்காவின் என்டிடி சங்கமான ஏஎஸ்என்டி வெளியிட்ட பரிந்துரை. இதன்படி லெவல் 1, 2 சான்று தருவது ஏஎஸ்என்டி இல்லை, வேலை கொடுக்கும் நிறுவனம். பயிற்சி நிலையம் தருவது பயிற்சிக்கும் தேர்வுக்குமான அத்தாட்சி மட்டுமே. விரிசலுக்குள் நிறத் திரவத்தை ஊறவிட்டுப் பார்க்கும் பெனிட்ரன்ட் சோதனைக்கு, அதாவது பிடி-க்கு, இரண்டு லெவலும் சேர்த்துப் பயிற்சி 12 மணி நேரம், அனுபவம் 210 மணி நேரம். ஒலி அலையால் உள்ளே சோதிக்கும் யூடி-யில் லெவல் 2-க்கான அனுபவமே 630 மணி நேரம். வகுப்பறையில் இது கிடைக்காது. கம்பெனி மாறினால் பழைய சான்று செல்லாது, புதிய இடத்தில் மறுபடி வாங்க வேண்டும்.

சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9712 அப்படியில்லை. நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத சான்றளிப்பு அமைப்பு தேர்வு வைக்கும். ஒவ்வொரு பகுதியிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். சான்று உங்கள் பெயரில் 5 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கணும். இதற்கும் அனுபவத்தைக் காட்டியாக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. ஆனாலும் இரண்டு மூன்று கம்பெனி மாறப்போகிறவருக்கு என் ஓட்டு இதற்கே.

என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஐஐடி மெட்ராஸ் நடத்தும் 8 வார என்டிடி பாடம் உண்டு. சேரக் காசில்லை, தேர்வுக்குத்தான் கட்டணம். 8 அசைன்மென்டில் சிறந்த 6-க்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். அதை வைத்து ஆய்வறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் யூடி-யில் ஒலி அலை எந்தக் கோணத்தில் ஏன் திரும்புகிறது என்பது இங்கேதான் விளங்கும். மற்ற இரண்டுக்கும் முன்னால் படித்துவிடுவது நல்லது.

அனுபவ மணி ஏன் தேவை என்பதைப் பாம்பன் உப்புக்காற்று பட்ட ஒரு இரும்பு பிளேட்டிலேயே பார்க்கலாம். துருவை கிரைண்டரால் அழுத்தித் தேய்த்தால் உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். சிவப்புத் திரவம் உள்ளே போகாது. ஊறவிட்டபின் மேலே மிஞ்சியதைத் துணியில் சால்வென்ட் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். அவசரப்பட்டு நேராக ஸ்பிரே அடித்தால் விரிசலுக்குள் இருப்பதும் கழுவிப் போய்விடும். பிறகு, உள்ளே போன திரவத்தை மேலே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பூச்சான டெவலப்பர் போட்டு 10 நிமிஷம் காத்திருந்தும் எதுவும் தெரியாது, பிளேட் ‘ஓகே’ ஆகிவிடும். சித்திரை வெயிலில் கிடந்த பிளேட் 52 டிகிரியைத் தாண்டினால் வழக்கமான செய்முறையே பொருந்தாது.

உள்ளூர் பராமரிப்பு வேலை என்றால், முதலாளியே செலவை ஏற்கும் எஸ்என்டி போதும். பிடி, எம்டி (காந்தத் துகள் சோதனை) முடித்துவிட்டு யூடி போகலாம். கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிக்கும் ஆர்டி-க்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்புத் தகுதி தனியாக வேண்டும். தொடக்கத்திலேயே அதில் கை வைக்க வேண்டாம்.

எதில் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. தூரத்தில் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும், கண்ணாடி போட்டுப் படிக்கலாம். கிட்டப்பார்வைச் சோதனை வருஷா வருஷம் உண்டு.