இரைச்சலை அடக்கும் ஹெட்போனும் பின்னணி இசையும்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

காதை முழுவதுமாக மூடும், வெளி இரைச்சலை அடக்கும் ஹெட்போன் ஒன்றைப் பல வருடங்களாகத் தினமும் பயன்படுத்துகிறேன். பகலில் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில், இரவில் வீட்டில் படம் பார்க்க. பேஸ் எப்படி, சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இவ்வளவு காலம் இசையைக் காதிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததில் கண்ணில் படுவதே மாறியிருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கருவி. வெளிப்பக்க மைக் இரைச்சலை வாங்கிக்கொள்ள, அதற்கு நேர் எதிரான அலை உள்ளே உண்டாகி இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ரயிலின் உறுமல், மின்விசிறிச் சத்தம் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலிகள் நன்றாக அடங்குகின்றன. சமோசா விற்பவரின் குரலும் பக்கத்து சீட்டின் போன் பேச்சும் குறையுமே தவிர மறையாது. சென்னை வியர்வையில் காது மெத்தை உரிந்துபோய் வேறு மாட்டினேன். சார்ஜ் முன்புபோல் நிற்பதில்லை. மற்றபடி குறையில்லை.

டிவி ஸ்பீக்கரில் வசனத்துக்கு அடியில் அமுங்கிப்போகும் பின்னணி இசை இதில் தனித்துக் கேட்கும். ஆளைக் கொல்லும் சுறாவைப் பற்றிய ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ (1975) படத்தை இதில் பார்த்தபோதுதான் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் செய்திருப்பது முழுதாகப் பிடிபட்டது. படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால், அதைக் காட்டுவதே குறைவு. தாழ்ந்த ஸ்தாயியில் மாறி மாறி வரும் இரண்டு சுரங்கள்தான் பெரும்பாலும் நமக்குச் சுறா. இரண்டு பையன்கள் அட்டையில் செய்த சுறாவின் முதுகுத் துடுப்பை வைத்துக் கடலில் குளிப்பவர்களை அலற வைக்கும் காட்சியில் அந்த இசை வராது. நிஜச் சுறா இல்லையே! இப்படிக் காதை நன்றாகப் பழக்கிவிட்டு, அப்புறம் படகின் பின்னால் இரை வீசும் காட்சியில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சுறாவின் தலையை மேலே கொண்டுவருகிறார்கள். தூக்கிவாரிப் போடுகிறது. கண்ணில் காணாததற்குப் பயப்படவும், வரப்போவது தெரியாமல் அசந்திருக்கவும் இசைதான் நம்மைத் தயார் செய்கிறது.

என்னை அதிகம் பாதித்தது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986-இல் வந்த தனி ஆல்பம், படத்துக்காகப் போட்டதில்லை. பாலுமகேந்திரா அதிலிருந்துதான், ஒரு நடுத்தரக் குடும்பம் சொந்த வீடு கட்டப் படும் பாட்டைச் சொல்லும் ‘வீடு’ (1988) படத்துக்குப் பின்னணி இசையை எடுத்துக்கொண்டார். பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வரும் தாத்தாவை, சொக்கலிங்க பாகவதரை, பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு ரயிலில் அதே ஆல்பத்தைக் கேட்டால், வழியில் பூசாமல் நிற்கும் அடுக்குமாடிகள் கண்ணில் படத் தொடங்கின. தினமும் கடந்துபோன கட்டிடங்கள்தான். சாரத்தில் நிற்கும் ஆள், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண், இரண்டாவது மாடியில் காயும் லுங்கி. யாருடைய கடனோ, எத்தனை வருடச் சேமிப்போ என்று மனது போகும். மறுநாள் குத்துப் பாட்டு ஓடினால் கட்டிடமே தெரியாது. கிண்டியில் ஓடிவந்து ஏறுகிறவர்களின் கால்கள்தான் தெரியும். அதே ஜன்னல், அதே நேரம். இதற்காகவே இந்த ஹெட்போனுக்குக் கொடுத்த காசு தகும் என்பேன்.

இசை நம்மை இப்படி மாற்றும் என்பது கடைக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 1982-இல் ரொனால்ட் மில்லிமன் அமெரிக்காவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் செய்த ஆய்வில், மெதுவான இசை ஓடியபோது வாடிக்கையாளர்களின் நடை தளர்ந்தது, விற்பனை கூடியது. அதைப் படித்தபின், துணிக்கடைக்குள் நுழைந்ததும் என்ன பாட்டு ஓடுகிறது என்று கவனிக்கிறேன்.

எழுத்து வேலை செய்யும்போது வரிகள் உள்ள பாட்டு எனக்கு ஒத்துவருவதில்லை, வாத்திய இசை மட்டும்தான். மனம் சரியில்லாத நாளில் சோகப் பாட்டு ஒன்றிரண்டு ஆறுதல் தரும். அதே வரிசையை ஓடவிட்டால் மனம் அங்கேயே கிடக்கும், அதனால் நிறுத்திவிடுகிறேன்.

வாங்குபவர்கள் வயர் மாட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூடூத்தில் சில சமயம் உதட்டசைவும் வசனமும் ஒட்டாது. பின்னணி இசைக்காகப் படம் பார்ப்பவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. சாலையைக் கடக்கும்போது தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.