தாழ்வான பாலம்: இரும்புத் தடுப்பா, சென்சாரா?

லாரி மோதாமல் இருக்க எதை வைப்பது என்று குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செலவு: பாலத்துக்கு முன்னால் நிறுத்தும் தடுப்புக்கு இரண்டு தூண், குறுக்கே பாலத்தின் உயரத்தில் ஒரு உத்தரம் போதும். உயரமான லாரி வருவதைக் கண்டு எச்சரிக்கும் சென்சாருக்கு அகச்சிவப்புக் கதிர், மின்சாரம், ஒளிப்பலகை எல்லாம் வேண்டும்.

பராமரிப்பு: தடுப்பு அடிபட்டால் மாற்ற வேண்டும். சென்சாரின் கண்ணாடியை அடிக்கடி துடைக்க வேண்டும்.

பலன்: இங்கேதான் நன்றாக யோசிக்கணும். உத்தரம் பாலத்தைக் காக்கும், லாரியைக் காக்காது. கூரைத் தகடு பாய் மாதிரி சுருண்டு உரியும். சென்சார் முன்கூட்டியே சொல்லும், ஆனால் ஓட்டுநர் பார்த்தால்தான் உண்டு. அமெரிக்காவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குல உயரப் பாலத்துக்கு 2016-இல் சென்சாரோடு சிக்னலும் வைத்தார்கள். மோதல் நிற்கவில்லை. 2019-இல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினார்கள். சிட்னி துறைமுகச் சுரங்கப்பாதையிலோ தண்ணீர்த் திரையை விழவிட்டு, அதன்மேல் 'நில்' என்று ஒளி பாய்ச்சுகிறார்கள். அதைப் பார்க்காமல் போக முடியாது.

லாரி திரும்பிப் போக முன்னால் மாற்றுவழி இருந்தால் சென்சார். இல்லாத சிறு சாலைக்குத் தடுப்பு. அதற்குச் சற்று முன்பே சங்கிலியில் குழாய்களைத் தொங்கவிடுங்கள். கூரையில் அவை தடதடவென்று இடிக்கும்போதே ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிடுவார்.