செயலி ரிலீஸ்: ஃபாஸ்ட்லேனும் படிப்படியான ரோல்அவுட்டும், ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கடைக்காரர்கள் மொத்த வியாபாரியிடம் சரக்கு ஆர்டர் போடும் செயலி ஒன்றுக்கு 2019 முதல் ரிலீஸ் பொறுப்பு என்னுடையது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் சேர்த்து டெவலப்பர் நான்கு பேர், டெஸ்டிங்குக்கு ஒரு அக்கா. இந்த ஆறு ஆண்டுகளில் நான் அதிகம் நம்பியிருந்தவை இரண்டு. ஒன்று, ரிலீஸ் வேலைகளைத் தானாகச் செய்துதரும் ஃபாஸ்ட்லேன் என்ற கருவி. இன்னொன்று, இரண்டு ஸ்டோர்களும் தரும் படிப்படியான ரோல்அவுட், அதாவது புது வெர்ஷனை முதலில் சிலருக்கு மட்டும் திறந்து மெல்ல எல்லோருக்கும் விரிப்பது. ஃபாஸ்ட்லேன் வேலையைக் குறைத்தது. ரோல்அவுட் எங்களைக் காப்பாற்றியது. இந்த வித்தியாசம் எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது.

ஃபாஸ்ட்லேன் இல்லாத நாட்களில் ஒரு ரிலீஸுக்கு அரை நாள் போய்விடும். வெர்ஷன் எண்ணை இரண்டு இடத்தில் ஏற்ற வேண்டும். பில்ட் போட வேண்டும், அதாவது குறியீட்டிலிருந்து நிறுவக்கூடிய செயலி ஃபைலை உருவாக்க வேண்டும். ஐஃபோனுக்கு, ஆப்பிளின் செயலி உருவாக்கும் மென்பொருளான எக்ஸ்கோடில் ஆர்கைவ் எடுத்து, அப்லோடு முடியும்வரை மேக் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகு இரண்டு ஸ்டோர் தளங்களிலும் போய் ஒவ்வொரு பெட்டியாக நிரப்ப வேண்டும். இதில் ஏதாவது ஒன்றை மறப்பது சகஜம். ஒருமுறை டெஸ்ட் சர்வர் முகவரியோடு பில்ட் போட்டு அனுப்பிவிட்டேன். ஸ்டோர் ரிவ்யூவில் இருக்கும்போதே அக்கா கண்டுபிடித்ததால் திரும்பப் பெற முடிந்தது.

ஃபாஸ்ட்லேன் 2014இல் ஃபெலிக்ஸ் க்ரௌஸே தொடங்கிய இலவச ஓப்பன் சோர்ஸ் கருவி. அடுத்த ஆண்டு ட்விட்டர் கைக்குப் போய், 2017இல் கூகுள் கைக்கு வந்து, 2023இல் மொபைல் நேட்டிவ் ஃபவுண்டேஷனின் கீழ் சேர்ந்தது. இத்தனை கை மாறியும் எங்கள் ஃபாஸ்ட்ஃபைலை (கருவிக்கான கட்டளைகளை எழுதி வைக்கும் ஃபைல்) அதற்காக நான் ஒரு வரிகூட மாற்றவில்லை. அந்த ஒரு ஃபைலில் லேன் லேனாக (ஒரு லேன் என்பது ஒரு வேலைக்கான கட்டளை வரிசை) எழுதி வைத்துவிட்டால் போதும், டெர்மினலில் ஒரே வரியில் பில்ட் போட்டு, கையொப்பமிட்டு, டெஸ்டர்களுக்கு அனுப்பிவிடும். ஐஃபோன் டெஸ்டர்களுக்கு அனுப்பும் டெஸ்ட்ஃபிளைட்டுக்கு ஒரு லேன், பிளே ஸ்டோரின் உள் டெஸ்டிங்குக்கு ஒரு லேன், உண்மையான ரிலீஸுக்குத் தனி லேன் என்று வைத்திருக்கிறோம். எந்த சர்வர் என்பதை லேனே தீர்மானிக்கும். மனிதர் கையில் அந்த முடிவு இல்லை. டெஸ்ட் சர்வர் தவறு அதன்பிறகு நடக்கவே இல்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒன்று. ஐஃபோன் பக்கம் ஆப்பிள் ஐடியும் கடவுச்சொல்லும் கொடுத்து இதை ஓட்டாதீர்கள். இரட்டைச் சரிபார்ப்பு இருப்பதால் லாகின் காலாவதியாகி, யாராவது உட்கார்ந்து ஆறு இலக்க எண்ணைத் தட்டும்வரை எல்லாம் நின்றுவிடும். ஆப்பிளின் ஸ்டோர் நிர்வாகத் தளமான ஆப் ஸ்டோர் கனெக்டில் ஏபிஐ சாவி (மனிதர் லாகின் இல்லாமல் கருவியே உள்ளே போக உதவும் சாவி) ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சாவி ஃபைலை ஒரே ஒருமுறைதான் டவுன்லோடு செய்ய முடியும் என்பதால், இறக்கியவுடன் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

ஃபாஸ்ட்லேன் ரூபி என்ற நிரல்மொழியில் ஓடுவது. எங்கள் குழுவில் ரூபி தெரிந்தவர் இல்லை. மேக்கை அப்டேட் செய்த பிறகு ரூபி வெர்ஷன் ஒத்துப்போகாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்ததுண்டு. ரூபியின் துணைக் கருவியான பண்ட்லரில் எல்லா வெர்ஷன்களையும் பூட்டி வைத்த பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது.

சாவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நாங்கள் மயிரிழையில் தப்பினோம். ஆண்ட்ராய்டு செயலியின் கையொப்பச் சாவி (அப்டேட் நம்மிடமிருந்தே வருகிறது என்று உறுதிசெய்வது, கீஸ்டோர் என்ற ஃபைலில் இருக்கும்) எங்கள் முதல் டெவலப்பரின் மடிக்கணினியில் மட்டுமே இருந்தது. அவர் வேலையை விட்டுப் போனபோது இரு தரப்பிலும் யாருக்கும் இது நினைவில்லை. மடிக்கணினியை ஃபார்மேட் செய்யப்போகும் நாளுக்கு முந்தைய இரவு அவரே போன் செய்து, "அந்தக் கீஸ்டோர் ஃபைலை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. அன்றைய ஏற்பாட்டில் சாவி தொலைந்தால் அந்தச் செயலிக்கு அப்டேட்டே போட முடியாது. புதுப் பெயரில் புதுச் செயலி வெளியிட்டு, ஒவ்வொரு கடைக்காரரையும் அதை மறுபடி நிறுவச் சொல்ல வேண்டியதுதான். மறுநாளே பிளே ஆப் சைனிங்கில் சேர்ந்தோம். இதில் உண்மையான சாவி கூகுளிடம் இருக்கும், நம்மிடம் இருப்பது அப்லோடு சாவி மட்டுமே. அது தொலைந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். 2021 ஆகஸ்டுக்குப் பிறகு பிளே ஸ்டோருக்கு வந்த புதுச் செயலிகளுக்கு இது கட்டாயமாகிவிட்டது. அதற்கு முன்பு தொடங்கிய செயலியை இன்னும் தன் சாவியிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், அந்த ஃபைல் எங்கே இருக்கிறதென்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஐஃபோன் பக்கம் கையொப்பமிடத் தேவையான சான்றிதழ்களுக்கு ஃபாஸ்ட்லேனில் மேட்ச் என்ற பகுதி இருக்கிறது. சான்றிதழ்களை மறைகுறியாக்கி ஒரு தனி கிட் களஞ்சியத்தில் (குழு ஃபைல்களைப் பகிர்ந்து சேமிக்கும் இடம்) வைத்துக்கொள்ளும். புதிதாக வந்தவர் கடவுச்சொல் ஒன்றைத் தட்டினால் அவருடைய மேக்கும் தயார். மொத்தக் கருவியில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

இனி ரோல்அவுட். 2021 தீபாவளிக்கு முந்தைய வாரம். கடைகளில் சரக்கு ஓடும் நேரம், எங்கள் செயலிக்கும் வருடத்தின் உச்சம் அதுவே. ஆர்டர் பட்டியலில் ஒரு புதுத் தகவலைச் சேர்த்ததால் போனுக்குள் இருக்கும் தரவுத்தள அமைப்பு மாறியது. முந்தைய வெர்ஷனிலிருந்து புதியதற்கு மாறும் வழியை எழுதி, டெஸ்ட் செய்து, பிளே ஸ்டோரில் 10 சதவீதத்துக்குத் திறந்தேன். ஒரு மணி நேரத்துக்குள், செயலி செயலிழப்பதை (கிராஷ்) உடனே தெரிவிக்கும் கிராஷ்லிட்டிக்ஸில் ஒரே கிராஷ் வரிசையாக வரத் தொடங்கியது. செயலி திறந்தவுடனே மூடிக்கொள்கிறது. ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை.

விஷயம் இதுதான். சில மாதங்களாக அப்டேட்டே செய்யாதவர்கள் மூன்று வெர்ஷன்களைத் தாண்டி நேரடியாகப் புதியதற்கு வருகிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படும் பழைய மாற்ற வழிகளில் ஒன்றை, குறியீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இரண்டு மாதத்துக்கு முன்பு நானே நீக்கியிருந்தேன். போன வெர்ஷனிலிருந்து அப்டேட் செய்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. அதைத்தான் நாங்கள் டெஸ்ட் செய்திருந்தோம்.

ரோல்அவுட்டை உடனே நிறுத்தினேன். நிறுத்தினால் புதிதாக யாருக்கும் போகாது, அவ்வளவுதான். ஏற்கெனவே வாங்கியவர்களைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்ப வழி கிடையாது. அவர்களுக்கு உதவ ஒரே வழி, இன்னும் பெரிய வெர்ஷன் எண்ணோடு சரிசெய்த பில்டை அனுப்புவது. அது ரிவ்யூ முடிந்து போய்ச்சேர மறுநாள் மதியம் ஆனது. அதுவரை பாதிக்கப்பட்ட கடைக்காரர்களுக்கு நாங்களே போன் செய்து, ஆர்டரைக் கேட்டு எழுதி, அலுவலகத்திலிருந்து ஏற்றினோம். 10 சதவீதம் என்பதால் ஐந்து பேர் உட்கார்ந்து அதைச் செய்ய முடிந்தது. எல்லோருக்கும் ஒரேயடியாகத் திறந்திருந்தால் அந்தத் தீபாவளி வியாபாரத்தில் எத்தனை கடைகளுக்குச் சரக்கு போகாமல் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அன்றிலிருந்து வெளியிட்ட ஒவ்வொரு பில்டையும் அழிக்காமல் சேர்த்து வைக்கிறோம். மேசை டிராயரில் மூன்று பழைய போன்கள் எப்போதும் சார்ஜோடு இருக்கும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பழைய வெர்ஷன். அதில் நிஜ ஆர்டர்கள் மாதிரியே தரவை நிரப்பி, அதன்மேல் புது வெர்ஷனை ஏற்றிப் பார்த்த பிறகுதான் ரிலீஸ் லேனை ஓட்டுவேன். ஓட்டுவதற்கு முன் அக்கா ஒருமுறை கேட்பார்: "தம்பி, மூணு போன்லயும் ஏத்திப் பாத்தாச்சா?" ஆமாம் என்று சொல்ல முடியாத நாட்களில் ரிலீஸ் மறுநாளுக்குப் போகும். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இரண்டு ஸ்டோர்களும் படிப்படியாகத் திறப்பதை ஒரே மாதிரி செய்வதில்லை. பிளேயில் சதவீதத்தை நாமே வைத்து நாமே ஏற்ற வேண்டும். நாம் ஏற்றாவிட்டால் அங்கேயே நிற்கும். ஆப் ஸ்டோரில் கணக்கு முன்பே எழுதப்பட்டது. ஏழு நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 என்று தானாக ஏறும். இது தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். ஸ்டோருக்குப் போய் அவரே அப்டேட் பொத்தானை அழுத்துபவருக்கு முதல் நாளே கிடைத்துவிடும். மொத்தம் 30 நாள் வரை இடையில் நிறுத்தி வைக்கலாம் என்ற வசதியை நாங்கள் ஒவ்வொரு ரிலீஸிலும் பயன்படுத்துகிறோம். செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தால் வெள்ளி 10, சனி 20, ஞாயிறு 50 என்று போகும். அலுவலகத்தில் ஆளே இல்லாத நாளில் பாதிப் பேருக்குப் போய்ச்சேரும். அதனால் வெள்ளி மாலை நிறுத்திவிட்டுத் திங்கள் காலை மறுபடி விடுவேன். பிளேயில் வெள்ளிக்கிழமை சதவீதத்தை ஏற்றுவதே இல்லை.

சதவீதம் என்ற சொல் சின்னச் செயலிகளை ஏமாற்றிவிடும் என்பதையும் அனுபவத்தில் கற்றேன். ஐயாயிரம் பேர் பயன்படுத்தும் செயலியில் 1 சதவீதம் என்றால் ஐம்பது பேர். அந்த ஐம்பது பேரில் பழைய போன்காரர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். கிராஷ் இல்லை என்று நிம்மதியாக 100க்கு ஏற்றிவிடுவோம். நாங்கள் ஆண்ட்ராய்டில் 10இல்தான் தொடங்குகிறோம். ஆனால் அங்கே இரண்டு முழு வேலை நாள் நிற்போம். லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் செயலிக்கு 1 சதவீதமே ஏராளம்.

எதைப் பார்த்து ஏற்றுவது என்று கேட்பவர்களுக்கு: செயலியின் தரத்தைக் கணக்கிட்டுக் காட்டும் பிளேயின் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸில், பயனர் உணரும் கிராஷ் விகிதம் 1.09 சதவீதத்தையும், செயலி உறைந்துபோகும் விகிதம் 0.47 சதவீதத்தையும் தாண்டினால் மோசமென்று கணக்கு. தாண்டினால் ஸ்டோரில் செயலி கண்ணில் படுவதே குறையலாம். ஒரு குறிப்பிட்ட போன் மாடலில் மட்டும் 8 சதவீதம் என்று தனி வரம்பும் உண்டு. எங்களுக்குப் பயன்பட்டது இந்த மாடல் கணக்குதான். எங்கள் கடைக்காரர்கள் பலர் குறைந்த மெமரி உள்ள ஒரே மாதிரியான போன்களை வைத்திருப்பவர்கள். மொத்த எண் அழகாக இருக்கும்போதே அந்த ஒரு மாடல் சிவப்பாகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வைட்டல்ஸ் உடனுக்குடன் வருவதில்லை. முதல் மணி நேரத்துக்குக் கிராஷ்லிட்டிக்ஸ், மறுநாளிலிருந்து வைட்டல்ஸ் என்பது என் வழக்கம்.

100 சதவீதம் போன பிறகு கோளாறு தெரிந்தால்? நீண்ட காலம் அதற்கு விடை இல்லாமல் இருந்தது. 2025இல் கூகுள், முழுதாக வெளியான ரிலீஸையும் நிறுத்தும் வசதியை அறிவித்தது. நிறுத்தினால் கெட்ட வெர்ஷன் மேலும் பரவாது. ஏற்கெனவே வாங்கியவருக்கு அப்போதும் புதுப் பில்ட்தான் மருந்து. இதை இன்னும் நான் பயன்படுத்த நேரவில்லை. ஆபத்தான மாற்றங்களைச் சர்வரிலிருந்து அணைக்கக்கூடிய ஒரு ஸ்விட்சுக்குப் பின்னால் வைத்து அனுப்புவதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். தரவுத்தள மாற்றத்துக்கு அந்த ஸ்விட்ச் உதவாது. அதற்கு டிராயரில் இருக்கும் போன்கள்தான்.

கடைசியாக, பலர் பொருட்படுத்தாத ஒன்று: "புதிதாக என்ன" குறிப்பு. பிளேயில் ஒரு மொழிக்கு 500 எழுத்துகள்தான் வரம்பு. தமிழில் எழுதும்போது இது சீக்கிரம் தீர்ந்துவிடும். ‘கி’ என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு இரண்டு. ‘ம்’ கூட இரண்டுதான். முன்பு ஆங்கிலத்தில் "பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவோம். இப்போது ஃபாஸ்ட்லேன் கோப்புறையில் தமிழுக்கென்று தனி ஃபைல் இருக்கிறது. அதை எழுதுவது டெவலப்பர்கள் இல்லை, அக்காதான். "பில்லில் தள்ளுபடி தவறாக வந்தது, சரியாகிவிட்டது. பழைய பில்லைத் திறந்தால் புதுத் தொகை காட்டும்" என்று கடைக்காரரிடம் நேரில் சொல்வதுபோல எழுதுவார். அவர் எழுதத் தொடங்கிய பிறகு, அப்டேட் வந்த மறுநாள் "என்ன மாத்தினீங்க?" என்று வரும் போன்கள் நன்றாகவே குறைந்திருக்கின்றன. எதை மாற்றினோம் என்று அவரால் நான்கு வரியில் எழுத முடியாத ரிலீஸை, அதில் மாற்றங்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டு இரண்டாகப் பிரித்து அனுப்புகிறேன்.