பெரிய நம்பருக்கே தீர்ப்பு: கிரேடிலின் வெர்ஷன் பஞ்சாயத்து

ஒரு ஜாவா புராஜெக்ட்டில் இரண்டு லைப்ரரிகள் ஒரே ஜாரின் (கம்பைல் ஆன கோட் அடங்கிய ஃபைல்) வேறு வேறு வெர்ஷனைக் கேட்டால், கிளாஸ்பாத்தில் (ஜாவா கோடைத் தேடும் இடங்களின் பட்டியல்) ஒன்றுக்குத்தான் இடம். எதற்கு என்று முடிவு செய்வது மேவன், கிரேடில் போன்ற பில்டு டூல். மேவன், டிபெண்டன்சி மரத்தில் வேருக்குப் பக்கத்தில் இருப்பதை எடுக்கும். ஆழம் சமமாக இருந்தால் முதலில் எழுதியதை எடுக்கும். கிரேடில் தூரக் கணக்கே பார்ப்பதில்லை. மரம் முழுக்கத் தேடி, எது பெரிய வெர்ஷனோ அதை வைத்துக்கொள்ளும். பில்டு ஃபைலில் குவாவா (கூகுளின் ஜாவா லைப்ரரி) 20 என்று நீங்களே எழுதியிருந்தாலும், நாலு படி தள்ளி ஏதோ ஒரு லைப்ரரி 32 கேட்டால் வருவது 32தான். வார்னிங்கூட வராது.

இரண்டில் கிரேடிலின் வழக்கமே மேல். பழைய மெத்தட் புதிய ஜாரில் இருக்க வாய்ப்பு உண்டு. புதிய மெத்தட் பழைய ஜாரில் எப்படி இருக்கும்? ஆனாலும் சறுக்கும் இடங்கள் உண்டு. குவாவாவின் ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸில் இருந்த டூஸ்ட்ரிங்ஹெல்பர் மெத்தட், 18இல் மோர்ஆப்ஜெக்ட்ஸுக்குக் குடிபோனது. 21இல் பழைய வீட்டையே இடித்துவிட்டார்கள். 17ஐ வைத்து கம்பைல் ஆன ஜார் 32உடன் ஓடும்போது நோசச்மெத்தட்எரர் விழும். அந்த ஜார் எப்போதோ கம்பைல் ஆகிவிட்டதால் உங்கள் கம்பைலருக்கு இது தெரியாது. போதாக்குறைக்கு, அந்த அழைப்பு இருப்பது டூஸ்ட்ரிங்குக்குள் (ஆப்ஜெக்ட்டை எழுத்தாக்கும் மெத்தட்). யாராவது அந்த ஆப்ஜெக்ட்டை லாகில் எழுதும்வரை எல்லாம் ஒழுங்காகவே ஓடும். (21க்குப் பிறகு, பீட்டா முத்திரை இல்லாத எதையும் குவாவா நீக்குவதில்லை. அதற்குப் பிந்தைய வெர்ஷன்களுக்குள் சண்டை என்றால் பெரிய நம்பரை நம்பலாம்.)

கிரேடிலை நான் சிபாரிசு செய்ய முதல் காரணம் டிபெண்டன்சிஇன்சைட் டாஸ்க். எந்த வெர்ஷன் வந்தது, யார் கேட்டார்கள், ஏன் இது ஜெயித்தது என்று மூன்றையும் சொல்லும். ஆனால் கான்ஃபிகரேஷன் பெயரை (எந்த கிளாஸ்பாத் என்பதை) கொடுக்காமல் ஓட்டினால், ஜாவா புராஜெக்ட்டில் அது பார்ப்பது கம்பைல் கிளாஸ்பாத்தை. பிரச்சினை இருப்பதோ ரன்டைம் கிளாஸ்பாத்தில். பெயரைக் கொடுத்தே ஓட்டுங்கள்; அதுவும் கடைசியில் டெப்ளாய் ஆகும் மாட்யூலில் ஓட்டுங்கள்.

கடைசி மாட்யூல் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல மாட்யூல் உள்ள பில்டில் கிரேடில் ஒவ்வொரு மாட்யூலின் கிளாஸ்பாத்தையும் தனித்தனியாகக் கணக்கிடும். பில்லிங் மாட்யூலின் டெஸ்ட்கள் குவாவா 20இல் ஓடி எல்லாம் பச்சை காட்டும். அதே பில்லிங்கை ஆப் மாட்யூல் இழுக்கும்போது, பக்கத்து லைப்ரரி ஒன்றின் தயவில் 32 வந்து உட்காரும். டெஸ்ட் செய்தது ஒன்று, புரொடக்‌ஷனுக்குப் போவது வேறொன்று. கிரேடிலின் இயல்புகளில் என்னால் மன்னிக்க முடியாதது இதுதான்.

மருந்தும் கிரேடிலிலேயே இருக்கிறது: ஜாவா-பிளாட்ஃபார்ம் பிளக்இன். கோட் எதுவும் இல்லாத ஒரு மாட்யூலை உருவாக்கி, கன்ஸ்ட்ரெய்ன்ட்களாக (வெர்ஷன் நிபந்தனைகளாக) வெர்ஷன்களை அதில் எழுதி, மற்ற எல்லா மாட்யூல்களும் அதை பிளாட்ஃபார்மாக இழுக்க வேண்டும். ஸ்பிரிங் பூட்டின் பாம் (BOM: ஒன்றோடொன்று பொருந்தும் வெர்ஷன்களின் பட்டியல்) போன்றவற்றை அதற்குள் சேர்க்க வேண்டுமானால், அலவ்டிபெண்டன்சீஸ் என்பதை முதலில் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பில்டு நின்றுவிடும். ஒன்றை மறக்கக் கூடாது: கன்ஸ்ட்ரெய்ன்ட்டும் ஒரு ஓட்டு மட்டுமே. பிளாட்ஃபார்மில் 31 என்று எழுதி, யாரோ 32 கேட்டால் 32தான் ஜெயிக்கும். கீழே இறக்கியே தீர வேண்டுமானால் ஸ்ட்ரிக்ட்லி போடுங்கள்; கூடவே பிகாஸ் என்று காரணத்தையும் எழுதுங்கள். அந்த வரி அப்படியே இன்சைட் வெளியீட்டில் தெரியும்.

லைப்ரரிகளின் பெயர்களையும் வெர்ஷன்களையும் ஒரே ஃபைலில் எழுதிவைக்கும் வெர்ஷன் கேட்டலாக் இருக்கிறதே, அது போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அந்த டாம்ல் ஃபைல் வெறும் முகவரிப் புத்தகம்; பஞ்சாயத்தில் அதற்கு ஓட்டே கிடையாது.

இன்னொரு கோளாறு கிரேடிலின் கண்ணில் படவே படாது. ஏதோ ஒரு லைப்ரரி எஸ்எல்எஃப்4ஜே ஏபிஐ (லாக் எழுதுவதற்கான பொது இடைமுகம்) 2.0ஐ இழுக்கிறது, அதன் பின்னால் உண்மையில் லாக் எழுதும் உங்கள் லாக்பேக் 1.2இலேயே நிற்கிறது. லாக்பேக் கேட்ட ஏபிஐ 1.7ஐத் தள்ளி 2.0ஐ எடுப்பதோடு கிரேடிலின் வேலை முடிந்தது; லாக்பேக்கோடு அது பொருந்துமா என்று பார்ப்பதில்லை. ஆனால் 2.0, ஜாவாவின் சர்வீஸ்லோடர் வழியாகத்தான் புரொவைடரை (லாக்பேக் போன்றதை) தேடும், 1.7 காலத்து பைண்டிங்கைச் சீண்டாது. ஆப் தொடங்கும்போது புரொவைடர் இல்லை என்று ஒரு வரி வரும், அதோடு லாக் முழுக்க மௌனம். ஜாவா 8 என்றால் லாக்பேக் 1.3, ஜாவா 11 அல்லது அதற்கு மேல் என்றால் 1.5 என்று சேர்த்து ஏற்றினால் தீரும். ஜேசன் (JSON) லைப்ரரியான ஜாக்சனில் இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் வெளியிடும் மெட்டாடேட்டாவே பாமைச் சுட்டுவதால், அதன் கோர், டேட்டாபைண்ட் ஜார்கள் இரண்டும் ஒன்றாகவே ஏறும்.

வெர்ஷன் மோதல் வந்தாலே பில்டை நிறுத்தும் ஃபெயில்ஆன்வெர்ஷன்கான்ஃபிளிக்ட்டை முதல் நாளே போடாதீர்கள். 1.7.30க்கும் 1.7.32க்கும் உள்ள வித்தியாசத்துக்குக்கூட பில்டை உடைக்கும், தலைவலிதான் மிச்சம். பிளாட்ஃபார்ம் ஒழுங்கான பிறகு, ஆப் மாட்யூலில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

ஸ்பிரிங்கின் டிபெண்டன்சி மேனேஜ்மென்ட் பிளக்இன் இருக்கும் வீட்டில் மேலே சொன்ன விதிகள் பாதி செல்லாது. அது பாமில் உள்ள வெர்ஷனைத் திணிக்கும். பெரிய வெர்ஷனைக் கீழேயும் இறக்கும். இன்சைட்டைக் கேட்டால் 'விதிப்படி தேர்வானது' என்ற அளவில் நின்றுவிடும். புதிய புராஜெக்ட் என்றால் அதை விட்டுவிட்டு, கிரேடிலின் பிளாட்ஃபார்ம் வழியாகவே பாமை இழுங்கள்.

உண்மையிலேயே இரண்டு வெர்ஷனும் வேண்டும் என்ற நிலை வந்தால், ஷேடோ பிளக்இன்னின் ரீலொகேட்தான் வழி. பழைய ஜாரின் பேக்கேஜ் பெயரை பைட்கோடிலேயே மாற்றித் தனியாக ஒதுக்கிவிடும். ஜார் பெருக்கும். மெட்டா-இன்ஃபில் உள்ள சர்வீஸ் ஃபைல்களை மெர்ஜ் செய்யச் சொல்ல மறந்தால், சில சர்வீஸ்கள் சர்வீஸ்லோடரின் கையில் சிக்காமல் போகலாம்.