ஒரிஜினல் வாட்ஸ்அப்பா, ஜிபி வாட்ஸ்அப்பா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பையன்கள் ஜிபி வாட்ஸ்அப் (வாட்ஸ்அப்பை வெளியாட்கள் மாற்றிச் செய்த 'மோட்' ஆப்) போடுவதற்குச் சொல்லும் காரணங்கள் தெரிந்தவைதான்: அழித்த மெசேஜைப் படிக்கலாம், ஆன்லைனில் இருப்பதை மறைக்கலாம், கலர் கலராகத் தீம் மாற்றலாம். ஒரிஜினலில் இவ்வளவு இல்லை, சரி. ஆனால் ஆன்லைனை மறைக்கிற வசதி 2022-லேயே அதிலும் வந்துவிட்டது, செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தவர்கள்தான் குறைவு.

போனில் ஏற்றும்போதே வித்தியாசம் தெரியும். ஒரிஜினல் பிளே ஸ்டோரில் இருக்கிறது, அப்டேட்டும் அங்கிருந்தே வரும். மோட் ஆப்பை ஏதோ ஒரு தளத்திலிருந்து ஏபிகே கோப்பாக (ஆப்பை நேரடியாக ஏற்றும் ஆண்ட்ராய்டு கோப்பு) இறக்கி, போன் எச்சரிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு அது கான்டாக்ட், மைக், எஸ்எம்எஸ் என்று கேட்கக் கேட்க நாமும் தட்டிக்கொண்டே போவோம். பேங்க் ஓடிபி வருவது அந்த எஸ்எம்எஸ்ஸில்தான். 2021-இல் எஃப்எம் வாட்ஸ்அப் என்ற மோடுக்குள் ட்ரையாடா என்ற ட்ரோஜன் (ஒளிந்திருந்து கெடுதல் செய்யும் நிரல்) இருந்ததைக் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது; ஆளுக்கே தெரியாமல் காசு பிடிக்கும் சந்தாவில் சேர்த்துவிடக்கூடியது அது. ஏபிகே ஏற்றத் தெரிந்தவனை ஊரில் பெரிய மூளைக்காரன் என்கிறார்கள். 'இதுக்கு எதுக்கு எஸ்எம்எஸ்?' என்று கேட்கிற பிள்ளைதான் என் கணக்கில் விவரமான பிள்ளை.

அப்புறம் தடை. மோட் வைத்திருந்தால் வாட்ஸ்அப் கணக்கை முடக்கலாம். இறால், நண்டு விலை பேசுகிற வியாபாரிக்கும், வளைகுடாவில் இருக்கும் மகனோடு தினமும் பேசுகிற கீழக்கரை அம்மாவுக்கும் அது சின்ன விஷயமில்லை.

ஒரிஜினலுக்கு மாறுவதென்றால் அதே நம்பர் போதும். பழைய சாட் முழுதாக வரும் என்று நம்பாமல், முக்கியமான படங்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.