மேல்கையில் கட்டும் பிபி மிஷின்: வாங்கலாம், ஆனால் பட்டையைப் பார்த்து வாங்குங்கள்

பிராண்டு எது என்று கேட்காதீர்கள், குறையையும் சேர்த்து எழுதப் போகிறேன், கம்பெனியோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மேல்கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்கினால் தானே காற்றேற்றிக்கொள்ளும் சாதாரண ரகம்தான், விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு வந்த பயத்தில் அம்மாவுக்காக வாங்கினோம். சித்தப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது, கேட்டால் "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே" என்பார். பிரஷர் ஒன்றும் பண்ணாமல்தான் இருக்கும், அதுதான் அதன் வேலை. 22 நாடுகளில், இந்தியாவிலும் சேர்த்து, நடந்து 2010-ல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, பத்தே விஷயங்கள் பக்கவாத ஆபத்தில் சுமார் 90 சதவீதத்துக்குக் கணக்குச் சொல்லிவிடுகின்றன என்றது. அந்தப் பத்தில் முதல் ஆள் ரத்த அழுத்தம். மேல் அளவில் (140/90 என்பதில் முதல் எண்) 10 குறைந்தாலே பக்கவாத ஆபத்து 27 சதவீதம் குறைகிறது என்று 2016-ல் லான்செட் மருத்துவ இதழில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் வந்தது. ஆக மிஷின் வாங்குவது வீண் செலவு இல்லை.

இப்போது என் புகாருக்கு வருகிறேன். பெட்டியோடு வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக்கானது, அம்மாவின் மேல்கை தையல் டேப்பில் 35. வெல்க்ரோ நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், காற்று ஏற ஏற சர்ரென்று பிரிந்துவிடும். பிரியாமல் தப்பித்தால் 152 காட்டும், தனியாக வாங்கிய பெரிய பட்டையில் அதே உட்காரலில் 146. கடைக்காரர் "எல்லாருக்கும் இதுதாங்க" என்று கொடுத்தது இது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள்: பெரிய பட்டை வேண்டியவருக்குச் சாதாரணப் பட்டை கட்டினால் மேல் அளவு 5 போலக் கூடுதலாகக் காட்டுகிறதாம், மிகப் பெரியது தேவைப்படுபவருக்கு கிட்டத்தட்ட 20! இல்லாத பிரஷருக்கு ஒருவர் மாத்திரை விழுங்க அது போதாதா? ஒல்லிக் கைக்கு நேர் எதிர், குறைத்துக் காட்டி ஏமாற்றும். அதனால் கடைக்குப் போகுமுன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பெரிய பட்டை வாங்கும்போது டியூப் முனை உங்கள் மாடலுக்குச் சேருமா என்றும் பாருங்கள், எல்லாம் எல்லாவற்றிலும் மாட்டாது.

கையை எங்கே வைப்பது என்பதும் லேசுப்பட்ட விஷயம் இல்லை. மடியில் வைத்தால் மேல் அளவு 4 போல, தொங்கவிட்டால் 6, 7 போலக் கூடுகிறது என்று 2024-ல் வந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு சொல்கிறது. டைனிங் டேபிளில் கையை வைத்து, பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க, முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து எடுத்தால் மிஷின் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. காபி குடித்த அரை மணி நேரத்துக்குள் வேண்டாம். எடுக்கும்போது பேசவும் கூடாது, எங்கள் வீட்டில் கஷ்டமே அதுதான். இன்னொன்று, கூடுதல் பிரஷருக்கான கோடு ஆஸ்பத்திரியில் 140/90 என்றால் வீட்டில் 135/85 தான். ஒரு தடவை கூடியிருந்தது என்று திரும்பத் திரும்பக் கட்டிப் பார்த்தால் பதற்றத்திலேயே இன்னும் ஏறும், அம்மா அதைத் தினமும் நிரூபிக்கிறார். காலையிலும் ராத்திரியும் இரண்டிரண்டு தடவை எடுத்து நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுவதோடு சரி.

துடிப்பு ஒழுங்கில்லை என்றால் திரையில் அதற்கென்று சின்னதாக ஒரு குறி வரும். சும்மா கை அசைந்தாலும் வரும். ஆனால் அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுத்துவிடுங்கள், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்கு என்று அமெரிக்காவில் பல காலம் நடந்த ஃப்ராமிங்ஹாம் இதய ஆய்வில் எப்போதோ கண்டுவிட்டார்கள்.

முகம் கோணி, பேச்சு குழறி, ஒரு கை தூக்க வரவில்லை என்றால் இந்த மிஷினைத் தொடவே வேண்டாம். அது எத்தனை காட்டினாலும் சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடப் போகிறீர்கள், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். பிரஷரைக் குறைக்கிறேன் என்று வீட்டில் மாத்திரை கொடுப்பதும், ஆஸ்பிரின் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். உள்ளே அடைப்பா ரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது.

மற்றபடி கையேட்டில் தமிழ் இல்லை, செயலி ஒருநாள் இணையும் ஒருநாள் இணையாது. எழுத்து பெரிதாக இருப்பதால் அம்மா கண்ணாடி இல்லாமலே படித்துவிடுகிறார், அதற்கு ஒரு நட்சத்திரம் கூடவே தரலாம். மணிக்கட்டில் கட்டும் ரகம் அழகாக இருக்கிறதே என்று தம்பி ஒன்று வாங்கினான், கையை இறக்கி ஏற்றினால் எண்ணும் கூடவே ஏறி இறங்குகிறது. எந்தப் பட்டையும் சேராத பருமனான கை என்றால் மட்டும் அதை நெஞ்சு உயரத்தில் பிடித்துப் பயன்படுத்தலாம்.